புதுப்பிப்பு: குணகடுவா பாம்பு கடித்தால் ஏன் விஷமுறிவு மருந்து போடவில்லை?

போன பதிவில் "பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

இலங்கையில் வழக்கமாகப் பயன்படுவது இந்தியாவில் தயாராகும் மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கு மட்டுமே அது செய்யப்பட்டது. தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்களை அதிகம் கடிக்கும் குணகடுவாவுக்கு (கூன்மூக்கு விரியன்) அது வேலை செய்யாது. கடும் ஒவ்வாமை வரும் ஆபத்து மட்டும் மிஞ்சும். ஆகவே டாக்டர் போடாதது அலட்சியம் அல்ல.

அதற்காக லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) திரும்பிவிடாதீர்கள், தயவுசெய்து! சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். முதல் நாள் வீக்கம் மட்டுமே தெரியலாம். வார்டில் 2 மி.லி. இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள், உறையாவிட்டால் ஆபத்து. பிளாஸ்டிக் குழாயில் முடிவு பிழைக்கும். சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

கையில் கடித்தால் வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். தோட்ட மருந்தகத்தில் நேரம் போக்காமல் 1990-ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள், தூர நின்று எடுத்த போட்டோவே போதும்.