மேலத்தெரு வீட்டுக் குழு: பெரியப்பாவின் கண்

அக்கா: அப்பாவைக் கூட்டிக்கொண்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய் என்று சொல்லிவிட்டார்கள். வலது கண்ணில் அழுத்தம் 32, இடதில் 26. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும்.

கோவைச் சித்தப்பா: என்னம்மா சொல்கிறாய்? நான் வந்திருந்தபோது அண்ணன் பேப்பரை வரி விடாமல் படித்தாரே!

அக்கா: இந்த நோயின் கொடுமையே அதுதான் சித்தப்பா. நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கும். ஓரப்பார்வைதான் முதலில் போகும். ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடும். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் தினமும் கண் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறவள், எத்தனையோ பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா: கொஞ்ச நாளாகவே படியைக் காலால் தடவித் தடவித்தான் இறங்குகிறார். பக்கத்தில் வைக்கிற செம்பைத் தட்டிவிடுகிறார். கேட்டால் வயதாகிவிட்டது என்பார்.

மதுரை அத்தை: ஆபரேஷன் செய்தால் தெளிந்துவிடாதா? எதிர்வீட்டு அம்மாவுக்குப் புரை எடுத்த மறுநாளே பளிச்சென்று தெரிந்ததே.

அக்கா: புரை என்பது கண்ணின் லென்ஸ் மங்குவது அத்தை. லென்ஸை மாற்றினால் பார்வை திரும்பும். இது பார்வை நரம்பு பட்டுப்போவது. போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. தேவைப்பட்டால் லேசர், அறுவை சிகிச்சை. மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது.

சென்னைத் தம்பி: பெரியப்பா எப்படி இருக்கிறார் அக்கா?

அக்கா: சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். அவருக்கு மருந்து தொடங்கியாயிற்று. எனக்கு இப்போது கவலை உங்கள் எல்லாரையும் பற்றித்தான். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சித்தப்பா, அத்தை, நான், என் தம்பி, எல்லாரும் பார்த்தாக வேண்டும்.

கோவைச் சித்தப்பா: எனக்குச் சர்க்கரை உண்டு. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா: சர்க்கரை இருந்தால் இன்னும் கட்டாயம். அரவிந்த் மருத்துவமனை நம் தென்மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். எல்லாரும் ‘கண் நன்றாகத்தான் இருக்கிறது’ என்றிருந்தவர்கள்தான்.

மதுரை அத்தை: நான் போன மாதம் இலவச முகாமில் காட்டினேனே. எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

அக்கா: எழுத்துப் பலகை போதாது அத்தை. அழுத்தம் பார்க்க வேண்டும், கண்ணுக்குள் நரம்பைப் பார்க்க வேண்டும், ஒளிப்புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்துகிற ஓரப்பார்வைச் சோதனையும் வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு.

மதுரை அத்தை: சரிம்மா. இதையும் கேட்டுவிடுகிறேன். சில நாள் சாயங்காலம் புருவத்துக்கு மேலே ஒரு வலி வருகிறது. அப்போது தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும். தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. ஒற்றைத் தலைவலிதானே?

அக்கா: அத்தை!! எத்தனை நாளாக? உங்கள் கண்ணாடி பிளஸ் பவர்தானே, தூரத்துக்கும்?

மதுரை அத்தை: பொங்கலுக்கு அப்புறம் மூன்று நான்கு தடவை இருக்கும். ஆமாம், சின்ன வயதிலிருந்தே பிளஸ்தான்.

அக்கா: இது அப்பாவுக்கு வந்ததைப் போல இல்லை. கண்ணுக்குள் நீர் வடிகிற இடுக்கைக் கோணம் என்பார்கள். அது சிலருக்குக் குறுகலாக இருக்கும், பிளஸ் பவர் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். இருட்டில் கண்மணி விரியும்போது வழி அடைபட்டு அழுத்தம் ஏறும். தூக்கத்தில் கண்மணி சுருங்குவதால் இறங்கிவிடும். உங்களுக்கு அதுவாக இருக்கலாம். நாளைக்கே போக வேண்டும். கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் கண்மணியை விரிக்கும் மருந்து விட வேண்டும். குறுகல்தான் என்றால் லேசரில் சிறு துளை போடுவார்கள்.

அக்கா: அதுவரை சளி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சில மாத்திரைகள் கண்மணியை விரிக்கும். இன்றிரவு கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் வந்து, பார்வை மங்கினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்தில் பார்வை போய்விடலாம். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரம் போக்குகிறவர்கள் நிறைய. நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமா: படித்துவிட்டேன் அம்மா. காலையில் முதல் ஆளாக நான் கூட்டிப்போகிறேன்.

கோவைச் சித்தப்பா: எனக்குக் கண் அரிக்கும்போது மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குவேன். டெக்ஸாமெதசோன் என்று போட்டிருக்கிறது. இரண்டே நாளில் சிவப்பு போய்விடும். அதில் ஒன்றும் இல்லையே?

அக்கா: அது ஸ்டீராய்டு சித்தப்பா. மருத்துவர் பார்க்காமல் அதைத் தொடர்ந்து விட்டாலே பலருக்குக் கண் அழுத்தம் ஏறலாம். நம் குடும்பத்தில் யாருமே கடையில் கேட்டு அதை வாங்கக்கூடாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே காட்டுங்கள்.

சென்னைத் தம்பி: எனக்கு மைனஸ் எட்டு. வீசிங்கிற்கு இன்ஹேலரும் உண்டு.

அக்கா: நீயும் போ. அதிக மைனஸும் ஓர் ஆபத்துக் காரணிதான். இன்ஹேலர் பெயரை மறக்காமல் சொல். இந்த நோய்க்கு விடுகிற டிமோலால் என்கிற சொட்டு மருந்து வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது.

கோவைச் சித்தப்பா: வியாழக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். பைக்கில் போய்விட்டு வந்துவிடுகிறேன்.

அக்கா: பைக் வேண்டாம், யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும்.