உடைந்த கண்ணாடி, பீங்கான் எல்லாம் எங்கே போடுவது?

கோத்தகிரிக்காரி:
அத்தை இருந்த பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். பரணிலிருந்து இறங்கியதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகள் மூன்று, காது போன டீ கப்புகள், ஜாம் பாட்டில்கள், ரசம் போன முகக்கண்ணாடி, எரியாத சிஎஃப்எல் பல்புகள். போன வாரம் உடைந்த தம்ளர் ஒன்றை அப்படியே குப்பைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வந்த தூய்மைப் பணியாளர் அக்கா கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார், ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "எந்த வீட்டுப் பையோ தெரியலைம்மா" என்றார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. இதையெல்லாம் தோட்டத்தில் புதைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா?

குன்னூர்வாசி:
புதைக்கவே வேண்டாம் அக்கா. நம் மலைச் சரிவில் நாலு மழை அடித்தால் மண் இறங்கி எல்லாம் மேலே வந்துவிடும். எங்கள் கேரட் பாத்தியில் எப்போதோ யாரோ புதைத்த பாட்டில் துண்டு போன ஐப்பசி மழைக்கு வெளியே வந்து, களை எடுத்த அம்மாவின் உள்ளங்கையைக் கிழித்து நாலு தையல் போட வேண்டியதாயிற்று.

உடையாத பாட்டில்களைக் கழுவி மூடியைக் கழற்றிப் பழைய பேப்பர் கடையில் கொடுங்கள், காசு பெரிதாகக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. உடைந்ததை நாலைந்து செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, கெட்டி அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, மேலே பெரிதாக 'உடைந்த கண்ணாடி' என்று எழுதி, பையோடு கலக்காமல் அந்த அக்கா கையிலேயே சொல்லிக் கொடுங்கள். தரையில் சிதறிய பொடியை ஈரச் செய்தித்தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள், மிச்சம் மின்னும்.

பாட்டில்ஆலைக்காரர்:
பாட்டில் ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன், பீங்கானைக் கண்ணாடியோடு சேர்க்கவே கூடாது. சுமார் 1500 டிகிரி உலையில் பாட்டில் கண்ணாடி உருகும், பீங்கான் உருகாது. ஒரு சில்லு போனாலும் புது பாட்டிலின் சுவரில் கல் மாதிரி நின்றுவிடும், சூடுபட்டால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். சூடு தாங்கும் போரோசில் பாத்திரமும், பின்னால் பூச்சு உள்ள முகக்கண்ணாடியும் பாட்டிலோடு சேராது. விரிசல் ஜாடியில் செடி வைக்கலாம், ஊறுகாய் மட்டும் வேண்டாம்.

சிஎஃப்எல் பல்பில் கொஞ்சம் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டையில் வைத்துத் தனியாக, அபாயக் குப்பை என்று சொல்லிக் கொடுங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். துடைப்பம் போடாதீர்கள், அட்டையால் அள்ளி, மிச்சத்தை டேப்பால் ஒற்றி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள்.

மசினகுடிப்பக்கம்:
தயவுசெய்து யாரும் காட்டோரத்தில் கொட்டாதீர்கள். காட்டில் கிடக்கும் பாட்டில் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் புண் புரையோடி, அந்தப் பெரிய உடம்பு நடக்க முடியாமல் நின்றுவிடும். இந்த விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் 2022 மே மாதம் நம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் முறை வந்தது. தேயிலைத் தோட்டத்திலும் வீசாதீர்கள், கொழுந்து பறிக்கிறவர்கள் பலர் வெறும் செருப்போடுதான் இறங்குகிறார்கள்.

கோத்தகிரிக்காரி:
நன்றி. கண்ணாடி தனி, பீங்கான் தனி என்று இரண்டு பெட்டி கட்டிவிட்டேன். அந்த அக்காவுக்குக் கெட்டிக் கையுறை ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக் காலை வருவார்.