பாராசிட்டமால் 500 மி.கி.: அழுத்தம் கூட்டக் கூட்ட கேப்பிங் (மாத்திரையின் தலை கழல்வது) அதிகமாகிறது

டரட்27:
வணக்கம். பாராசிட்டமால் 500, வெட் கிரானுலேஷன் (தூளை ஈரமாக்கிச் சிறு மணிகளாக, அதாவது கிரானுல்ஸாக மாற்றி உலர்த்தும் முறை). மாத்திரை எடை 570 மி.கி., 12.5 மி.மீ. வட்டம், கான்கேவ் பஞ்ச் (மாத்திரையை அழுத்தும், குழிந்த முகமுள்ள முனை). பைண்டர் (துகள்களை ஒட்டவைக்கும் பொருள்) பி.வி.பி. கே-30, 2 சதவீதம். எஃப்.பி.டி.யில் (சூடான காற்றை ஊதி உலர்த்தும் இயந்திரம்) 60 டிகிரியில் உலர்த்தியபின் எல்.ஓ.டி. (உலர்த்தினால் குறையும் எடை, அதாவது மிச்ச ஈரம்) 0.8 சதவீதம். மெக்னீசியம் ஸ்டியரேட் (மாத்திரை உலோகத்தில் ஒட்டாமலிருக்கச் சேர்ப்பது) 1 சதவீதம், 10 நிமிடம் கலக்கிறோம். 27 ஸ்டேஷன் (ஒவ்வொன்றிலும் ஒரு டை, ஒரு ஜோடி பஞ்ச்) மெஷின், 45 ஆர்.பி.எம். மெஷினிலிருந்து வரும்போது மாத்திரை நன்றாகத்தான் இருக்கிறது. ஃப்ரையபிலிட்டி டிரம்மில் (மாத்திரை உதிர்கிறதா என்று உருட்டிப் பார்ப்பது) போட்டால் இரண்டு மூன்றின் மேல்பகுதி தொப்பிபோல் கழன்றுவிடுகிறது. ஹார்ட்னெஸ் போதவில்லையோ என்று அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். எங்கிருந்து பார்ப்பது?

டைகேஜ்:
முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள். பாராசிட்டமால் படிகம் அழுத்தினால் நசுங்கி ஒட்டுவதைவிட ஸ்பிரிங்போல் மீண்டெழத்தான் பார்க்கும். பஞ்ச் விலகியதும் அந்த மீட்சி உள்ளேயுள்ள பிணைப்பை அறுக்கிறது. கூடுதலாக அழுத்தினால் மீட்சியும் கூடும்.

அடுத்து, எல்லா ஸ்டேஷனிலும் வருகிறதா, சிலவற்றில் மட்டுமா என்று பிரியுங்கள். டரட்டை (ஸ்டேஷன்கள் உள்ள சுழலும் பகுதி) ஒரே ஒரு சுற்று ஓட்டி 27 மாத்திரைகளையும் ஸ்டேஷன் எண் வரிசையில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஏதோ 7ஆம் எண்ணில் மட்டும் கழன்றால், அந்தப் பஞ்சை 12க்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பழுது பஞ்சோடு போனால் அதன் விளிம்பு உள்பக்கம் கொக்கிபோல் மடங்கியிருக்கும். 7லேயே நின்றால் கோளாறு டையில் (மாத்திரை உருவாகும் அச்சுக்குழி). அழுத்தம் நடக்கும் உயரத்தில் டையின் உள்சுவர் தேய்ந்து வளையம் விழுந்திருக்கும். அகலமான அந்த இடத்தில் உருவான மாத்திரை குறுகலான வாய் வழியே மேலே தள்ளப்படும்போது தலை வெடிக்கிறது. டையைத் திருப்பிப் போட்டால் தற்காலிகமாகச் சரியாகும். இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எல்லா ஸ்டேஷனிலும் வந்தால் டூலிங்கை (பஞ்ச், டை) தொடாதீர்கள். 45ஐ 25 ஆர்.பி.எம். ஆக்கிப் பாருங்கள். கேப்பிங் நின்றால், காற்று வெளியேறவும் துகள்கள் பிணையவும் நேரம் போதவில்லை என்று பொருள். முன்னழுத்த உருளை (மெயின் அழுத்தத்துக்கு முன் லேசாக அழுத்துவது) இருந்தால் மெயின் அழுத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் அங்கே கொடுத்துத் தொடங்கலாம்.

ஈரப்பதம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்கு முதலில் உறுத்துவது அந்த 0.8தான். பாராசிட்டமால் கிரானுல்ஸை அந்த அளவுக்கு வறட்டிவிட்டால் பைண்டர் இளகித் துகளைப் பிடிக்காது. 1.5 முதல் 2.5க்குள் நிறுத்திப் பாருங்கள். நேரத்தை நம்பி உலர்த்தாமல், இடையிடையே சாம்பிள் எடுத்து 105 டிகிரியில் எல்.ஓ.டி. பாருங்கள்.

சல்லடையும் போட்டுப் பாருங்கள். 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) வழியே கீழே இறங்கும் தூள் 30 சதவீதத்தைத் தாண்டினால், அந்தத் தூளுக்குள் சிக்கிய காற்றும் கேப்பிங்குக்குக் காரணம். பைண்டர் கரைசல் எல்லா இடத்திலும் சேரவில்லை, அல்லது உலர்ந்தபின் மில்லிங் கடுமையாகிவிட்டது.

மெக்னீசியம் ஸ்டியரேட் 1 சதவீதம், 10 நிமிடம் என்பது அதிகம். அது கிரானுலின் மேல் மெழுகுப் படலமாகப் பரவிப் பிணைப்பைக் கெடுக்கும், கரைவதையும் தாமதப்படுத்தும். இந்த மாத்திரை 30 நிமிடத்தில் 80 சதவீதம் கரைந்தாக வேண்டும் என்பதால் அங்கேயும் அடி விழும். 40 மெஷ்ஷில் சலித்துக் கடைசி 3 நிமிடம் மட்டும் கலந்தால் போதும். அளவை 0.5 ஆக்கவோ பி.வி.பி.யை 3 ஆக்கவோ நினைத்தால், அது ஃபார்முலா மாற்றம். சேஞ்ச் கன்ட்ரோல் (மாற்றத்துக்கான முறையான ஒப்புதல்) இல்லாமல் செய்யக் கூடாது. அதனால்தான் ஈரம், கலக்கும் நேரம், வேகம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஒரு ட்ரையலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

டரட்27:
மிக்க நன்றி. 27 ஸ்டேஷனிலும் வருகிறது, ஆகவே டூலிங் இல்லை. எல்.ஓ.டி.யை 2.8க்கு விட்டதும் கேப்பிங் நின்றுவிட்டது, ஆனால் மேல் பஞ்சில் எழுத்துக்குள் பவுடர் ஒட்டுகிறது. ஸ்டியரேட்டைக் கூட்டலாமா?

ஈரப்பதம்:
வேண்டாம் சார். எழுத்துக்குள் ஒட்டுவது பிக்கிங். 2.8 எல்லை தாண்டிய ஈரம், 2க்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று: எஃப்.பி.டி.யிலிருந்து சூடாகவே பையில் கட்டுகிறீர்களா? ஆறும்போது பையின் சுவரில் நீர் கோத்து, ஓரத்துக் கிரானுல்ஸ் மட்டும் நனைந்துவிடும். சராசரி எல்.ஓ.டி.யில் அது தெரியாது. அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு கட்டுங்கள். கம்ப்ரஷன் அறை ஈரப்பதமும் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

டைகேஜ்:
பஞ்ச் முகத்தையும் பாலிஷ் செய்துவிடுங்கள். ஏ, பி, ஓ மாதிரி உள்ளே அடைபட்ட இடமுள்ள எழுத்தில்தான் முதலில் பிடிக்கும். ஃப்ரையபிலிட்டிக்கு 570 மி.கி. என்றால் 11 மாத்திரை, 6.5 கிராமுக்கு அருகில். 25 ஆர்.பி.எம்.மில் 4 நிமிடம். எடை இழப்பு 1 சதவீதத்துக்குள் இருந்தாலும், ஒரு மாத்திரை பிளந்தாலே தோல்விதான். மெஷினிலிருந்து வந்ததும் ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். மீட்சி மெதுவாக நடந்து மறுநாள் கழலும் தலைகளும் உண்டு.