தோலில் ஆக்சிஜன் அளக்கும் கால் பரிசோதனை: செய்துகொண்டவர்கள் எழுதுங்கள்

தென்காசி மகள்:

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. இடது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. முதலில் காட்டிய இடத்தில் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டார்கள். விகிதம் 1.4-ஐத் தாண்டியது. "ரத்த ஓட்டம் தாராளமாக இருக்கிறது, கட்டு மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். புண்ணின் ஓரமோ கறுத்துக்கொண்டே போனது.

அடுத்து பார்த்த ரத்தக்குழாய் அறுவை மருத்துவர், இவ்வளவு அதிகமாக வந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்றார். நாள்பட்ட சர்க்கரையில் கால் ரத்தக்குழாயின் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடுமாம். பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் அமுங்காது. பிரஷர் பொய்யாக ஏறித் தெரியும். அதனால் தோலிலேயே ஆக்சிஜன் அளக்கும் டி.சி.பி.ஓ.2 சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஊசி கிடையாது, வலி கிடையாது. அப்பாவைப் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினார்கள். புறங்காலில் முடியை மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சின்னப் பிளாஸ்டிக் வளையம் ஒட்டினார்கள். அதற்குள் இரண்டு மூன்று சொட்டு திரவம் விட்டுச் சென்சாரைத் திருகிப் பொருத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, காறை எலும்புக்குக் கீழே மார்பிலும் ஒன்று. திரையில் எண் முதலில் சரசரவென்று இறங்கியது. அப்புறம் மெல்ல ஏறி நின்றது. மார்பில் 61, காலில் 22. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான் புண்ணு ஆறலையா" என்று மட்டும் கேட்டார்.

ஆஞ்சியோவில் முட்டிக்குக் கீழே இரண்டு குழாயில் அடைப்பு தெரிந்தது. பலூன் வைத்துத் திறந்தார்கள். மறுநாளே எண் முழுதாக ஏறிவிடாது, மூன்று நான்கு வாரம் கூட ஆகலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு எடுத்தபோது 43. புண் இப்போது சிவப்பாகச் சதை பிடித்து மூடி வருகிறது. வீட்டில் யாருக்காவது ஆறாத கால் புண் இருந்தால், இந்தச் சோதனை உண்டா என்று தயவுசெய்து வாய்விட்டுக் கேளுங்கள்.

சோதனைக்கூடத் தம்பி:

அக்கா, நான் இந்தக் கருவியில்தான் வேலை பார்க்கிறேன். வருகிற பலர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் காட்டி, "98 இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். அது ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று சொல்வது. அந்த ரத்தம் கால் தோல் வரை போய்ச் சேர்கிறதா என்பது அதில் தெரியாது. இங்கே அளப்பது தோல் வழியாக வெளியே கசியும் ஆக்சிஜனின் அழுத்தத்தை; பாதரச மில்லிமீட்டர் கணக்கு. சென்சாருக்குள் இருப்பது 1950களில் லீலண்ட் கிளார்க் உருவாக்கிய ஆக்சிஜன் மின்முனையின் வழிவந்தது. 1970களில் குறைமாதக் குழந்தைகளைக் கண்காணிக்கத்தான் இதைத் தோலில் வைக்கத் தொடங்கினார்கள்.

சென்சார் 44 டிகிரி அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் நுண்குழாய்கள் விரிந்தால்தான் ஆக்சிஜன் மேலே வரும். எண் நிலைக்க 15, 20 நிமிஷம் பிடிக்கும். எடுத்த இடத்தில் காசு அளவுக்குச் சிவந்திருக்கும். பயப்பட வேண்டாம், மறைந்துவிடும். வருவதற்கு முன் காபி, சிகரெட் வேண்டாம். படுத்திருக்கும்போது பேசாமல், காலை அசைக்காமல் இருங்கள். உள்ளங்காலின் தடித்த தோலிலும் எலும்பு, நரம்பு துருத்தும் இடத்திலும் வைக்க மாட்டோம்.

எண்ணுக்கு வருகிறேன். 2014-இல் அமெரிக்க ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டில் 60-க்கு மேல் இருந்தால் ரத்த ஓட்டக் குறைவு இல்லை. 30-க்குக் கீழே கடுமையான குறைவு. புண் இருக்கும் காலில் 25-க்குக் கீழே வந்தால் தள்ளிப்போடவே கூடாது, உடனே ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை:

எங்கள் அம்மாவுக்கு 27 வந்து வீடே கலங்கிப்போனது. ஆனால் அப்போது கால் முழுக்க வீக்கம், சீழ் வேறு. வீக்கம் இருந்தாலே எண் குறைவாகக் காட்டும் என்று மருத்துவர் சொல்லி, கிருமிக்கு மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்ததும் திரும்ப எடுக்கச் சொன்னார். 48 வந்தது.

லாரிக்காரர் தங்கை:

என் அண்ணனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பீடியால் வந்த வினை. பாதம் கறுத்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை. முட்டிக்கு மேலேயா கீழேயா என்பதுதான் கேள்வி. தொடையோடு எடுத்துவிட்டால் தொல்லையில்லை என்று சொந்தத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மருத்துவர் பாதத்திலும் கெண்டையிலும் சென்சார் வைத்துப் பார்த்தார். பாதத்தில் 9, கெண்டையில் 42. வெட்டிய இடம் ஆறும் என்ற நம்பிக்கையோடு முட்டியை விட்டுவைத்தார்கள். தையல் ஆறிவிட்டது. முட்டி இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவு சுலபம் என்று பயிற்சிக் கூடத்தில் மற்றவர்களைப் பார்த்துத்தான் புரிந்தது. பீடியையும் விட்டுவிட்டார்.

ஒரு சந்தேகம், தம்பி. உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் உட்கார வைத்தால் எல்லாருக்கும் புண் ஆறுமா?

சோதனைக்கூடத் தம்பி:

எல்லாருக்கும் ஆறாது, அக்கா. சேர்ப்பதற்கு முன் இதே சென்சாரைக் காலில் வைத்தபடியே முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்துப் பார்ப்போம். எண் நன்றாக ஏறினால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஏறவே இல்லை என்றால் ரத்தம் போகும் வழி அடைபட்டிருக்கலாம்; முதலில் அதைத் திறக்க முடியுமா என்று ரத்தக்குழாய் மருத்துவரிடம் கேளுங்கள்.