மாசி வீதிக்குள் பழைய வீடு: இடித்துக் கட்டலாமா, பழுது பார்க்கலாமா?

கேள்வி: தெற்குமாசிப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் தாத்தா வாங்கிய வீடு இருக்கிறது. இரண்டு சென்ட்டுக்கும் சற்றுக் குறைவான மனை. முன்னால் ஒரு சிறிய கடை, அதன் பின்னால் முற்றமும் இரண்டு அறைகளும், மேலே மரக்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிய பழைய பாணித் தளத்துடன் ஒரு மாடி. நான் பதினெட்டு ஆண்டுகளாக ஓசூரில் வேலை பார்க்கிறேன். அப்பா காலமான பிறகு கடையை வாடகைக்கு விட்டுவிட்டோம். வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா தம்பியுடன் ஆனையூரில் இருக்கிறார்.

வீட்டை இடித்துவிட்டுக் கீழே கடைகளும் மேலே சரக்கு அறைகளுமாகக் கட்டலாம் என்று தம்பி சொல்கிறான். பழுது பார்த்து அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பக்கத்து வீதியில் உள்ள ஒரு வியாபாரி, இடத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முடிவெடுப்பதற்கு முன், ஊரின் நடுப்பகுதி இனி எந்தத் திசையில் மாறும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை சேர்ந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. பெரியார் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது. வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய காய்கறிச் சந்தை இருந்த இடத்தில் பலமாடி வாகன நிறுத்தம் வந்தது. தமுக்கம் மைதானத்தில் மாநாட்டு மையம் 2022-இல் திறக்கப்பட்டது. ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2025 மார்ச்சுடன் முடிந்தும் விட்டது. ஆனால் எங்கள் சந்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் வாசலைத் தாண்டி முற்றம் வரைக்கும் வருகிறது. சிறுவயதில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் திண்ணையில் உட்காருவோம். இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் அங்கே பணத்தைப் போடுவது சரியா? அந்தப் பகுதியில் வாழ்கிறவர்களும் கட்டடத் துறையில் இருப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் தெருவின் மட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் சட்டம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடம் எழுப்பக் கூடாது என்ற அரசாணை 1997 முதல் இருக்கிறது. உங்கள் மனை அந்த எல்லைக்குள் வருகிறது. ஆகவே தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளும் என்பதற்கு அப்பால் யாராவது வரைபடம் போட்டுத் தந்தால், அந்த வரைபடத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். இவ்வளவு சிறிய மனையில் புதிதாகக் கட்டினால், தூண்களின் பருமன், படிக்கட்டு, கழிப்பறை ஆகியவற்றைக் கழித்தபின் கையில் மிஞ்சும் பரப்பு எவ்வளவு என்பதையும் இப்போது இருக்கும் பரப்பையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். இடித்துக் கட்டுவதால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இடம் கூடாது.

அடுத்தது தெரு. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றாக விரியும் இந்த ஊர், தெருவை முதலில் வகுத்து வீடுகளைப் பிறகு பொருத்திய ஊர். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதும் அதே வரிசையில்தான் வேலை நடந்தது: நிலத்தைச் சமன்செய்து, வீதிகளை அளந்து, அதன்பின் மனைகளைப் பிரித்தார்கள். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரைத்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றுவரை தாங்கி நிற்கின்றன. நம் காலத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது. கட்டடம் முதலில் வருகிறது, வடிகால் கடைசியில் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் சாலை ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடப்பட்டு உயர்ந்துகொண்டே போகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். பெரிய வீதிகளில் இது ஓரளவு கவனிக்கப்படலாம். சந்துகளில் யாரும் அளவுகோலுடன் வந்து நிற்பதில்லை. அங்கே குடியிருப்பவர்கள்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது உங்கள் வீட்டின் உடல்நிலை. பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மரக்கட்டைத் தளம் என்றால், அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்துக் காற்றில் விடும் இயல்புடையது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாராவது அதன்மேல் சிமென்ட் பூசியிருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு தகடு தகடாக உதிரும். பலர் அதைப் பார்த்துவிட்டுச் சுவரே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் போனது பூச்சுதான், சுவர் அன்று. நீங்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு: உத்திரக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகள். ஒரு மெல்லிய திருப்புளியை எடுத்துக் கட்டையின் முனையில் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தக் கட்டை உளுத்துவிட்டது என்று பொருள். இறங்காவிட்டால், அந்தத் தளம் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

பதில் 2: மஞ்சள் நூல்

ஐயா சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது என்பதால் எழுதுகிறேன். நான் இருபத்தாறு ஆண்டுகள் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல் இயந்திரம் போட்டிருந்தேன். எனக்கு முன் என் மாமனார் அதே தூணடியில் உட்கார்ந்திருந்தார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் சல்லடம் என்னும் அரைக்கால் உடை தைக்கக் கிராமங்களிலிருந்து வருவார்கள். இடுப்பளவை நூலால் எடுப்போம். வந்தவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் வாங்கிக்கொள்வார்கள். துணி, சரிகை, மணி, தண்ணீர் பீய்ச்சும் தோல் துருத்தி எல்லாம் பத்தடிக்குள் கிடைக்கும். புத்தகக் கடையும் பாத்திரக் கடையும் வளையல் கடையும் அதே மண்டபத்துக்குள் இருந்தன.

அந்த மண்டபம் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. சிற்பங்களின்மேல் ஆணியடித்துத் துணி தொங்கவிட்ட காலம் முடிய வேண்டும் என்று நினைத்தவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. நாங்கள் வெளியேறிய பின் ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். என் இயந்திரத்துக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் இருந்த யாளியின் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். எங்களை அருகிலேயே ஒரு வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். எனக்குக் கிடைத்தது மாடியில். தைக்க வரும் கிராமத்து அம்மாக்களுக்கு முழங்கால் வலி. படியேறிக் கடையைத் தேடி வருவதற்குள் கீழே வேறு யாராவது அளவெடுத்துவிடுவார்கள். முதல் ஆண்டில் எனக்கு வந்த வேலை, முன்பு வந்ததில் பாதிக்கும் குறைவு. மூன்றாம் ஆண்டில் பழைய வாடிக்கையாளர்கள் கைபேசி எண்ணைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப வந்தார்கள். இதை நான் முறையிடுவதற்காக எழுதவில்லை. நடுநகரில் ஒரு கடை என்றால் அது சுவரும் ஷட்டரும் மட்டுமன்று. எந்த வீதியிலிருந்து யார் நடந்து வருகிறார்கள் என்பதுதான் கடை. தம்பி, உங்கள் வாடகைதாரர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், இடிக்கும் காலத்தில் அவர் எங்கே போவார் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பதில் 3: வெண்கலக்கடைத் தெரு

நான் இன்னும் உள்ளேயே குடியிருப்பவன். பொறியாளர் ஐயாவுடன் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். பழைய வீட்டைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வது எளிது. எங்கள் சந்தில் பதினோரு வீடுகள் இருந்தன. இன்று நான்கில்தான் அடுப்பு எரிகிறது; மற்றவை சரக்கு அறைகள். பகலில் நிற்க இடமிருக்காது. இரவு பத்து மணிக்குமேல் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டி உதவி கேட்க அண்டை வீடு இல்லை. வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு சுண்ணாம்புச் சாந்தின் அருமையைப் பேசுவதைவிட, இடித்தாவது ஆள் குடியிருக்கும் வீடாக அதை மாற்றுவது மேல் என்பது என் எண்ணம். உங்கள் தம்பி சொல்கிறபடி மேல்தளத்தையும் சரக்கு அறை ஆக்கினால், உங்கள் சந்தும் எங்கள் சந்தைப் போலவே ஆகிவிடும்.

பெரிய திட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999-இல் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வந்தபோது வெளியூர்ப் பேருந்துகள் நடுநகரை விட்டுப் போனது பெரிய ஆறுதல். ஆனால் ரயில் நிலையத்தில் இறங்குபவர் கோயிலுக்குப் போக, டவுன்ஹால் ரோடு வழியாக ஒரு கிலோமீட்டர் அளவுதான் நடக்க வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டரை ஒரு பாட்டியம்மா கைப்பையுடன் தடையில்லாமல் நடந்து கடக்க முடிகிற நாளில்தான் நடுநகர் சீரடைந்தது என்று நான் ஒப்புக்கொள்வேன். சித்திரை வீதிகளில் வாகனங்களை விடாததால் அங்கே கிடைக்கும் நிம்மதியை எல்லோரும் அனுபவிக்கிறோம். அந்த நிம்மதி ஒரு வீதி வெளியே வந்ததும் ஏன் தீர்ந்துபோக வேண்டும்? பலமாடி வாகன நிறுத்தம் நடுநகரின் உள்ளே இருப்பதால், வண்டிகள் அதைத் தேடி உள்ளேதான் வருகின்றன. நிறுத்தங்கள் வெளி வீதிகளுக்கு அப்பால் இருந்து, அங்கிருந்து சிறிய பேருந்துகள் ஓடியிருந்தால் பலன் வேறு மாதிரி இருந்திருக்கும். மெட்ரோ ரயில் வந்தால் எல்லாம் சரியாகும் என்று காத்திருந்தவர்களுக்கும் ஏமாற்றம்தான்; மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்ற காரணத்தால் 2025 நவம்பரில் அந்தக் கோரிக்கை மத்திய அரசிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. ஆகவே இருக்கிற வீதிகளை வைத்துத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பதில் 4: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

வெண்கலக்கடைத் தெரு நண்பர் சொல்வது சரி. பூட்டிய வீட்டை நான் ஆதரிக்கவில்லை. குடியிருப்பதற்காகப் பழுது பாருங்கள் என்பதை நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். முற்றமுள்ள வீட்டில் காற்றும் வெளிச்சமும் நடுவிலிருந்து வருகின்றன. இருபுறமும் வீடுகள் ஒட்டியிருக்கும் மனையில் முற்றத்தை மூடிக் கட்டினால், நடு அறைக்குப் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட அறைகளில் குடும்பங்கள் தங்குவதில்லை, சரக்குதான் தங்கும். ஒரு சந்து சரக்குச் சந்தாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நகரத்துக்குள் ஓடும் கிருதுமால் நதி இன்று சாக்கடையாகக் கிடக்கிறது. மழைநீர் போய்ச் சேர வேண்டிய வழிகள் அடைபட்டிருக்கும்போது, எந்தச் சந்தில் எவ்வளவு நல்ல தரைக்கல் பதித்தாலும் தண்ணீர் திரும்ப வீட்டுக்குள்தான் வரும். மறுபுறம், பல ஆண்டுகள் வறண்டு கிடந்த வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிக் காட்டினார்கள். அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. பழைய கால்வாயைத் தூர்வாரினார்கள். நடுநகருக்கு இப்போது வேண்டியதும் அந்த வகை வேலைதான்.

கேள்வி கேட்டவரின் பதில்: தெற்குமாசிப் பேரன்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. போன சனிக்கிழமை ஊருக்குப் போய், ஐயா சொன்னபடி ஒரு திருப்புளியுடன் மாடித் தளத்தின் அடியில் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தேன். பதினான்கு கட்டைகளில் முற்றத்தை ஒட்டிய இரண்டில் மட்டும் முனை மாவு போலக் கொட்டியது. மற்றவற்றில் திருப்புளி இறங்கவே இல்லை. சுவரின் கீழ்ப்பகுதியில் சிமென்ட் பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்தபோது, உள்ளே செங்கல் சிவப்பாகக் கெட்டியாக இருந்தது. வாசலில் அளவுநாடா வைத்தேன். திண்ணையின் பழைய முதல் படி இப்போது தெருமட்டத்துக்குப் பதினோரு அங்குலம் கீழே புதைந்திருக்கிறது.

கடைக்காரர் இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். விற்பதில்லை என்று அந்த வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு கட்டைகளை மாற்றி, கீழ்ப்பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசி, மாடியைக் குடும்பம் தங்கும் வீடாக வாடகைக்கு விடத் தம்பியும் ஒப்புக்கொண்டான். சந்தில் மீதமுள்ள ஆறு குடும்பங்களும், அடுத்த முறை சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று ஒரு மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மதுரையில் சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் எந்தப் பகுதியில் கிடைப்பார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?