வைஃபை பட்டியல் சரியாகப் போகிறது, இடம் மட்டும் 25 கி.மீ. சுற்றளவில் வருகிறது

கேள்வி:
வணக்கம். கணினி இருக்கும் இடத்தைச் சொல்லும் திறமூல லைப்ரரி (மற்ற செயலிகள் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். டெஸ்க்டாப்பில் ஜிபிஎஸ் இருக்காது என்பதால், லினக்ஸில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் பிஎஸ்எஸ்ஐடியையும் (ஒவ்வொன்றின் தனி அடையாள எண்) சிக்னல் அளவையும், எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற தரவை வைத்திருக்கும் பீக்கன்டிபி சேவைக்கு அனுப்புகிறேன். பட்டியல் ஒழுங்காகப் போவது லாகில் தெரிகிறது. ஆனால் வரும் துல்லியம் 25,000 மீட்டர். பிழைச் செய்தியும் இல்லை. எங்கே பார்க்கட்டும்?

பதில் 1:
அவ்வளவு பெரிய வட்டம் என்றால் அது வைஃபை கொடுத்த விடையாக இருக்காது, ஐபி முகவரியை வைத்துச் சொன்ன ஊகம்தான். சேவையிலிருந்து வந்த ஜேசன் பதிலில் "ஃபால்பேக்" என்ற இடத்தில் "ஐபிஎஃப்" (ஐபியை வைத்துச் சொன்னது என்பதன் குறி) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கோரிக்கையில் "கன்சிடர்ஐபி"யை ஃபால்ஸ் ஆக்கி, அதாவது ஐபியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லி, மறுபடி அனுப்புங்கள். 404 (கிடைக்கவில்லை என்ற குறியீடு) வந்தால் உங்கள் ரவுட்டர்கள் அந்தத் தரவுத்தளத்தில் இல்லை என்று அர்த்தம். இதே வேலையைச் செய்த மொசில்லாவின் இருப்பிடச் சேவை 2024இல் மூடப்பட்டது பெரிய இழப்பு. பீக்கன்டிபி தரவைப் புதிதாகத்தான் சேர்த்து வருகிறது, அதனால் பல பகுதிகள் இன்னும் காலி.

கேட்டவர்:
ஐபிஎஃப் என்றுதான் இருக்கிறது. மாற்றியதும் 404. அப்படியானால் என் லைப்ரரி இதைப் பிழையாகச் சொல்ல வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். விடையோடு துல்லியத்தையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே கொடுங்கள். வானிலை காட்டும் செயலிக்கு 25 கி.மீ. தாராளமாகப் போதும். வழி காட்டும் செயலிக்கு உதவாது. அதை அந்தச் செயலி முடிவு செய்யட்டும். வெறும் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் நீட்டினால் பயனர் அதைத் தன் வீட்டு வாசல் என்றே நம்பிவிடுவார்.

பதில் 2:
அனுப்பும் முன் வடிகட்டுகிறீர்களா? வைஃபை பெயர் "_நோமேப்" என்று முடிந்தால் உரிமையாளர் தன் ரவுட்டரைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறார். அதை மதித்தே ஆக வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்களையும் விட்டுவிடுங்கள், அவை ஆளோடு நகரும்.

அப்புறம், லினக்ஸில் ஜியோக்ளூ என்ற இருப்பிடச் சேவையைப் பயன்படுத்தினால் "ஸ்டார்ட்" அழைக்கும் முன்பே டெஸ்க்டாப் ஐடியை (கேட்கும் செயலியின் அடையாளப் பெயர்) கொடுத்துவிடுங்கள். விண்டோஸிலும் மேக் ஓஎஸ்ஸிலும் அந்தந்த இயங்குதளத்தின் இருப்பிடச் சேவையையே கூப்பிடுவது நல்லது. அனுமதி கேட்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேட்டவர்:
சரி, மூலத்தைத் தனிப் புலமாகச் சேர்த்துவிடுகிறேன். எங்கள் பகுதி ரவுட்டர்களை அந்தத் தளத்தில் சேர்க்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு. ஆண்ட்ராய்டு போனில், ரவுட்டர்களை இடத்தோடு பதிவு செய்யும் நியோஸ்டம்ப்ளர் செயலியைப் போட்டு, ஜிபிஎஸ்ஸை ஆன் செய்துகொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். அப்புறம் செயலியிலிருந்தே பீக்கன்டிபிக்கு அனுப்பிவிடலாம்.