அரிமா சங்கப் பயிற்சிகளில் நான் சந்தித்தவர்கள்

ஜூலை 1 அன்று அரிமா சங்கங்களுக்கு, அதாவது லயன்ஸ் கிளப்புகளுக்கு, புது ஆண்டு தொடங்குகிறது. உலகம் முழுக்க எல்லாச் சங்கங்களிலும் அன்றைக்குப் பொறுப்பு கை மாறும். அதனால் மே, ஜூன் மாதங்கள் எங்களுக்கு ஸ்கூலிங் காலம், அதாவது பொறுப்பேற்கப் போகிறவர்களுக்கான பயிற்சிக் காலம். புதிதாகத் தேர்வான தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் நடப்பது பிஎஸ்டி (பிரசிடென்ட், செக்ரட்டரி, ட்ரெஷரர்) ஸ்கூலிங். வட்டாரத் தலைவர்களுக்குத் தனி வகுப்பு. இவை தவிர, இன்னும் தலைவர் பொறுப்புக்கு வராத உறுப்பினர்களுக்கும், அந்தப் பொறுப்பை முடித்தவர்களுக்கும் தனித்தனியாகத் தங்கிப் படிக்கும் பயிற்சிகள் உண்டு. இவற்றில் பலவற்றில் கலந்துகொண்டிருக்கிறேன். இந்த ஆண்டு முதல் முறையாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று, அங்கே பார்த்த சிலரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆடிட்டர். பொருளாளர் வகுப்பு எடுக்க வந்தார். மேசையில் இரண்டு வங்கிப் புத்தகங்களை வைத்தார். ஒன்று நிர்வாகக் கணக்கு, இன்னொன்று சேவைக் கணக்கு. உறுப்பினர் சந்தா முதல் கணக்கில், பொதுமக்களிடம் வசூலித்தது இரண்டாவதில். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "கண் சிகிச்சை முகாமுக்கு வசூலித்ததில் எட்டாயிரம் மிச்சம். பதவியேற்பு விழா சாப்பாட்டுக்குக் கொஞ்சம் குறைகிறது. எடுக்கலாமா?"

அரங்கில் பாதிப் பேர் எடுக்கலாம் என்றார்கள். "நாமதானே சார் வெயில்ல அலைஞ்சு வசூல் பண்ணோம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "அடுத்த மாசம் திருப்பி வச்சிடலாமே" என்றார். ஆடிட்டர் யாரையும் மடக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அதில் 'கண் சிகிச்சை முகாமுக்காக' என்று அச்சடித்திருந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பொதுமக்களிடம் வாங்கிய பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும் என்பது அரிமா இயக்கத்தின் அடிப்படை விதி. வசூல் நிகழ்ச்சிக்கென்றே நேரடியாக ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாம். சங்கத்தின் சாப்பாட்டையும் பயணத்தையும் அதில் சேர்க்க முடியாது. இந்த ஒன்றை மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் விதவிதமான கணக்குகளாகக் கொடுத்துப் போடச் சொன்னார். வெளியே வரும்போது கூட இருந்த பொருளாளர்களுக்கு அது மறக்காத பாடமாகிவிட்டது. சங்கத்தின் பெயர் ஊரில் நிற்பதும் கெடுவதும் இந்த இரண்டு கணக்குகளில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தவர் கரூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் செயலாளர். தையல் கடை வைத்திருப்பவர். அன்றைய வகுப்பு, கூட்டத்துக்கு வராத உறுப்பினரை எப்படித் திரும்ப அழைப்பது என்பது. பயிற்சியாளர் ஸ்லைடுகளை நிறுத்திவிட்டு இரண்டிரண்டு பேராக நடித்துக் காட்டச் சொன்னார். முதல் ஜோடியில் தலைவராக நடித்தவர் எடுத்த எடுப்பிலேயே, "என்ன அண்ணே, மூணு மீட்டிங்கா ஆளையே காணோம்?" என்றார். எதிரில் இருந்தவர் "வேலைங்க" என்றார். பேச்சு அத்தோடு முடிந்துபோனது.

அந்த அம்மா வேறு மாதிரி ஆரம்பித்தார். "அண்ணா, இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கடை எப்படிப் போகுது?" வராததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கண்ணாடி கொடுக்கப் போறோம். ஃப்ரேம் எடுக்க ஈரோடு போறோம். விலை பேசுறதுல உங்கள விட்டா ஆள் இல்ல. வியாழக்கிழமை மதியம் கூட வரமுடியுமா?" என்றார். எதிரில் நடித்தவர் நடிப்பை மறந்து, "வரேங்க" என்று சொல்லிவிட்டார். அரங்கமே கை தட்டியது.

பயிற்சியாளர் அங்கே நிறுத்தி, அவர் என்னென்ன செய்தார் என்று எங்களையே சொல்ல வைத்தார். நேரில் போனார். குறை சொல்லவில்லை. அவருக்கு என்ன நன்றாக வரும் என்று தெரிந்துவைத்திருந்தார். ஒரே ஒரு வேலையை, நாளும் நேரமும் சொல்லிக் கேட்டார். நம் சங்கத்தில் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. தலைவர் என்றாலும் யாரையும் அதட்டி வேலை வாங்க முடியாது. ஆகவே கேட்கும் விதம்தான் எல்லாம். தலைமைப் பண்பு பற்றி எத்தனையோ உரைகள் கேட்டிருக்கிறேன். இந்தப் பத்து நிமிடத்துக்கு அவை ஈடாகாது.

சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் பேசினேன். அவர்கள் சங்கத்தில் கூட்டம் இரவு எட்டரைக்குத் தொடங்குமாம். பெண் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பழைய நேரம் என்பதால் யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை. இவர் செயலாளரானதும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றினார். நின்றவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். 1917-இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கிய இந்த இயக்கம் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க 1987 வரை ஆனது. சேர்த்த பிறகும், அவர்கள் வந்து உட்காரும்படி கூட்டத்தை நடத்துவது தலைவரின் வேலை. இதைப் பயிற்சியில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தங்கிப் படிக்கும் பயிற்சி ஒன்றில் என் அறைத் தோழர். கண் முகாம் பற்றிய வகுப்பு முடிந்த இரவு. அந்த வகுப்பில் 1925-இல் ஒஹாயோவின் சீடர் பாயிண்டில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசியதைச் சொன்னார்கள். பார்வையற்றோருக்காக இருளை எதிர்த்துப் போராடும் வீரர்களாக வாருங்கள் என்று அவர் அரிமாக்களிடம் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் பணி எங்கள் அடையாளம். எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஐயாவும் அதைக் கேட்டு நெகிழ்ந்துதான் இருந்தார். ஆனால் அறைக்கு வந்ததும், "முகாமுக்கு யார் வரலைன்னு யாராவது எண்ணிப் பாக்குறாங்களா தம்பி?" என்று ஆரம்பித்தார். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை முகாமுக்கு மருத்துவர்களையும் கருவிகளையும் கொண்டு வருகின்றன. ஊரைக் கூட்டுவது, இடம், தண்ணீர், மின்சாரம், நாற்காலி, சாப்பாடு ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. கண்புரை உள்ளவர்களைப் பேருந்தில் அழைத்துப்போய், அறுவை சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். "இவ்வளவும் இலவசம். அப்புறமும் ஏன் பாதிப் பேர் வீட்டிலயே இருக்காங்க?" என்று கேட்டு அவரே பதில் சொன்னார்.

கூட்டி வர ஆள் இல்லை. ஆட்டுக்கு யார் தழை போடுவது என்ற கவலை. மகன் வெளியூரில் இருக்கிறான், அவனைக் கேட்காமல் போகலாமா என்ற பயம். சர்க்கரை அதிகம் என்று ஒருமுறை திருப்பி அனுப்பியதால் மறுபடி வரக் கூச்சம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றினால் இதெல்லாம் தீராது. அவர் சங்கத்தில் ஆளுக்கு ஒரு தெரு பிரித்துக் கொடுத்தார். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பெரியவர்களிடம் பேசினார்கள். முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பாட்டியையும் கூட அழைத்துப் போனார்கள். அந்தப் பாட்டியின் பேச்சுக்குத்தான் கூட்டம் வந்தது. முன்கூட்டியே சர்க்கரை பார்த்து, அதிகம் இருந்தவர்களை மாத்திரையில் நிறுத்தி அடுத்த முகாமுக்குத் தயார் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்கு, யாரை யார் கூட்டி வருவது என்று பெயர் எழுதிய நோட்டு ஒன்று. அந்த நோட்டைப் பையில் வைத்திருந்தார். நான் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் முகாம்களை இப்போது அந்த முறையில்தான் நடத்துகிறோம்.

பொறுப்பு ஒப்படைப்பு பற்றிய வகுப்புகள் சுருக்கமாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகல், அடையாள ஆவணங்கள் எல்லாம் கேட்பார்கள், நாளாகும். ஜூனிலேயே ஆரம்பித்துவிடுங்கள். இல்லையென்றால் ஜூலையில் முதல் பணிக்கே காசோலை போட முடியாது.

நம் ஊர் விழாக்களில் பொன்னாடைக்கும் வாழ்த்துரைக்கும் நேரம் நிறையப் போகும். மரியாதை செய்வது நல்ல வழக்கம்தான். ஒரு பயிற்சியில் ஒருங்கிணைப்பாளர் எல்லா மரியாதைகளையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மிச்சமான நேரத்தை வட்டமாக உட்கார்ந்து பேசக் கொடுத்தார். அன்று ஒரு முன்னாள் தலைவர் எழுந்து, தான் நட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை ஏன் பட்டுப்போயின என்று விவரமாகச் சொன்னார். வேலி போட்டார்கள், தண்ணீர் ஊற்றுபவரை ஏற்பாடு செய்யவில்லை. சித்திரை வந்ததும் காய்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அதை அவர் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அதைக் கேட்ட ஒரு புதிய தலைவர், அந்த இடத்திலேயே தன் மரம் நடும் திட்டத்தைப் பள்ளிக்கூட வளாகத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இந்த ஜூன் பயிற்சியிலும் இப்படி வட்டமாக உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். பேசுவதற்கு முன்னாள் தலைவர்கள் மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான்காவதாக ஒரு பொருளாளரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.